பரம்பரையும் நீரிழிவும்

ஊராட்சி ஒன்றியங்களில் மருத்துவ முகாம் நடைபெறும்போது பந்தல், மேசை, குடிநீர் முதலிய ஏற்பாடுகளைச் செய்வது நமது பொறுப்பாகவும், சோதனை செய்வது மருத்துவர்களின் பொறுப்பாகவும் இருந்து வருகிறது. மக்களை முகாமுக்கு வரவழைப்பது மட்டும் இரு சாராருக்கும் பொதுவான பணியாகும். கண் சோதனைக்குத் திரளும் கூட்டம் சர்க்கரைச் சோதனைக்குத் திரள்வதில்லை என்பதை முகாம் நடத்தியோர் அனைவரும் அறிவர். காரணம் கேட்டால் இரண்டு விடைகள் கிடைக்கும். "எங்கள் வம்சத்தில் யாருக்கும் இந்த வியாதி கிடையாது, எனக்கு எதற்கு?" என்பது ஒன்று. "அப்பாவுக்கும் இருந்தது, அத்தைக்கும் இருந்தது, எனக்கும் வரத்தான் போகிறது. குத்திப் பார்த்து என்ன ஆகப் போகிறது?" என்பது மற்றொன்று. வாய்விட்டுச் சொல்லப்படாத மூன்றாவது விடையும் உண்டு. வீட்டில் மணப்பருவத்தில் பெண்ணோ பிள்ளையோ இருக்கையில், குடும்பத்தில் சர்க்கரை இருக்கிறது என்ற பேச்சு எழுந்தால் சம்பந்தம் தட்டிப் போகும் என்னும் அச்சமே அது.

இம்மூன்று விடைகளும் ஒரே எண்ணத்திலிருந்து பிறந்தவை. தகப்பனுடைய நிலம் மகனுக்கு வந்து சேர்வது போல நோயும் முழுச் சொத்தாக வந்து சேரும் என்பதே அவ்வெண்ணம். நீரிழிவில் பாரம்பரியத்தின் பங்கு பெரிது என்பதில் ஐயமில்லை. ஆனால் அப்பங்கு வந்து சேரும் வழி வேறு. கடந்த 40 ஆண்டுகளில் நடைபெற்ற ஆராய்ச்சிகள் அவ்வழியைப் பெருமளவு தெளிவாக்கியிருக்கின்றன. அவற்றுட் சில நமது மாநிலத்திலேயே நடைபெற்றவை.

முதலில் உடலில் நடப்பதைச் சுருக்கமாகக் காண்போம். நாம் உண்ணும் சோறும் களியும் செரித்துக் குளுக்கோஸாகி இரத்தத்தில் கலக்கின்றன. அதையறிந்த கணையம் இன்சுலினைச் சுரக்கிறது. இன்சுலினின் ஏவலால் தசைகள் சர்க்கரையை ஏற்றுக்கொள்கின்றன. கல்லீரலும் தன் கையிருப்பிலிருந்து சர்க்கரையை வெளியிடுவதைக் குறைத்துக்கொள்கிறது. இந்த ஏற்பாடு செவ்வனே இயங்குகிறதா என்று அறிய, 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கச் செய்து, 2 மணி நேரம் கழித்து இரத்தத்தைச் சோதிப்பர். ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் சர்க்கரை 140 மில்லிகிராமுக்குக் குறைவாயின் உடல் சர்க்கரையைத் தாங்குகிறது என்று பொருள். 200 அல்லது அதற்கு மேற்பட்டால் அது நீரிழிவு. 140 முதல் 199 வரை உள்ள இடைநிலையைக் குளுக்கோஸ் தாங்குதிறன் குறைவு என்பர். இந்நிலையில் இருப்பவருக்குத் தாகமோ களைப்போ பெரும்பாலும் தோன்றுவதில்லை. தாம் நலமாயிருப்பதாகவே அவர் எண்ணிக்கொண்டிருப்பார். கிராமங்களில் இச்சோதனையை நன்கு அறிந்தவர்கள் கர்ப்பிணிப் பெண்களே. தமிழ்நாட்டில் கர்ப்பிணிகள் அனைவருக்கும் சர்க்கரைச் சோதனை செய்யவேண்டும் என்ற ஏற்பாடு 2007ஆம் ஆண்டு முதல் நடைமுறைக்கு வந்தது.

சுரக்கும் கணையம், ஏற்கும் தசை, அடங்கும் கல்லீரல் ஆகிய மூன்றும் ஒத்துழைத்தால்தான் சர்க்கரை கட்டுக்குள் நிற்கும். ஒவ்வொன்றின் வேலைக்கும் பல புரதங்கள் தேவை. ஒவ்வொரு புரதத்துக்கும் ஒரு மரபணு உண்டு. மனிதனுக்குப் புரதங்களை ஆக்கும் மரபணுக்கள் சுமார் 20,000 உள்ளன. அவை 23 ஜோடிக் குரோமோசோம்களில் அமைந்திருக்கின்றன. ஜோடியில் ஒன்று தந்தை வழி, மற்றொன்று தாய் வழி. ஒரே மரபணு ஆளுக்கு ஆள் ஓரிரு எழுத்து மாறி இருப்பதுண்டு. ஊருக்கு ஊர் ஒரு சொல்லின் உச்சரிப்பு சற்று மாறுவது போன்றதே இது. பெரும்பாலான மாற்றங்களால் தீங்கேதும் இல்லை. சில மாற்றங்கள் கணையத்தையோ தசையையோ சற்றே மந்தமாக்குகின்றன.

அப்படிப்பட்ட மாற்றங்கள் ஒன்றோடொன்று கூடும்போது என்ன நேரிடுகிறது என்பதற்கு, அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தின் தென்கோடியில், ரியோ கிராண்டே ஆற்றங்கரையில் உள்ள ஸ்டார் கவுண்டி என்னும் மாவட்டத்தின் வரலாறு நல்ல எடுத்துக்காட்டாகும். ஆற்றுக்கு அப்பால் மெக்சிகோ நாடு. மக்களுள் மிகப் பெரும்பாலோர் மெக்சிகோ வழிவந்தவர்கள், வசதி குறைந்தவர்கள். அங்கு நீரிழிவு மிகுந்திருப்பதை கிரெய்க் ஹானிஸ் என்னும் ஆராய்ச்சியாளரும் அவருடைய குழுவினரும் 1983இல் எடுத்துக் காட்டினர். அதன் பின்னர் அவர்கள் அம்மக்களிடையே குடும்பம் குடும்பமாக ஆய்வைத் தொடர்ந்தனர். உடன்பிறந்தோர் இருவருக்கும் நீரிழிவு உள்ள குடும்பங்களைத் தேர்ந்து, அவ்விருவரும் பெற்றோரிடமிருந்து குரோமோசோமின் எந்தெந்தப் பகுதிகளைப் பொதுவாகப் பெற்றிருக்கிறார்கள் என்று ஒப்பிட்டனர். தற்செயலாக எதிர்பார்க்கக்கூடிய அளவினும் மிகுதியாக ஒரு பகுதி பகிரப்பட்டிருந்தால், நோய்க்குத் தொடர்புடைய மரபணு அதனருகே இருக்கவேண்டும் என்பது இம்முறையின் அடிப்படை.

1996இல் 2ஆம் குரோமோசோமின் முனையில் அத்தகைய பகுதி ஒன்று தென்பட்டது. 1999இல் வெளிவந்த முடிவுதான் நமது பொருளுக்கு முக்கியமானது. 15ஆம் குரோமோசோமில் உள்ள வேறொரு பகுதியையும் சேர்த்துக் கணக்கிட்டபோது, அப்பகுதியிலும் பகிர்வு கண்ட குடும்பங்களில்தான் 2ஆம் குரோமோசோமின் சான்று மிகவும் வலுவடைந்தது. அதாவது, வெவ்வேறு குரோமோசோம்களில் தொலைவாக இருக்கும் இரண்டு பகுதிகள் கூட்டாக நோய்க்கு இடந்தருகின்றன. தனித்தனியே நோக்கினால் இந்த உறவு புலப்படாது.

அடுத்த ஆண்டு, 2000இல், 2ஆம் குரோமோசோமின் அப்பகுதியில் கால்பெயின்-10 என்ற மரபணு அடையாளம் காணப்பட்டது. புரதங்களை வெட்டும் நொதி ஒன்றை ஆக்குவது இதன் வேலை. இம்மரபணுவில் மாற்றமுள்ள இடங்கள் மூன்றைத் தேர்ந்து, ஒவ்வோர் இடத்தின் அமைப்பையும் 1 அல்லது 2 என்று குறித்தனர். அவ்வாறு குறித்தபோது 112 என்ற வரிசையும் 121 என்ற வரிசையும் கவனத்துக்கு வந்தன. ஒருவர் தந்தையிடமிருந்து ஒன்றையும் தாயிடமிருந்து மற்றொன்றையும் பெற்று 112, 121 இரண்டையும் ஒருங்கே தாங்கியிருந்தால், அந்த மெக்சிகோ வழி மக்களிடையே அவருக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு ஏறக்குறைய 3 மடங்காக இருந்தது. இரண்டு பக்கமும் 112 ஆகவே உள்ளவரிடமும், இரண்டு பக்கமும் 121 ஆகவே உள்ளவரிடமும் அந்த மிகுதி காணப்படவில்லை.

இது ஆராய்ச்சியாளர்களையே வியப்பில் ஆழ்த்திய முடிவு. எனினும் நமது விவசாயிகளுக்கு இது விளங்காத புதுமையன்று. வீரிய ஒட்டு மக்காச்சோளமும் கம்பும் பயிரிடுவோர், தாய் வரிசையும் தந்தை வரிசையும் தனித்தனியே விதைத்தால் சுமாராகவே விளையும் என்பதையும், இரண்டையும் ஒட்டுச் சேர்த்த விதையே உயர்ந்த விளைச்சல் தரும் என்பதையும் அறிவர். அவ்வயலின் மணிகளையே எடுத்து மறு ஆண்டு விதைத்தால் முந்தைய வீரியம் ஒரே சீராக நிற்பதில்லை என்பதையும் அவர்கள் கண்டிருக்கிறார்கள். விளைச்சலுக்குப் பொருந்துகிற இந்த நியாயம் நோய் வாய்ப்புக்கும் பொருந்துகிறது.

இதைக் குடும்பத்தில் வைத்துப் பார்ப்போம். தந்தையிடம் இரண்டும் 112; தாயிடம் இரண்டும் 121. இருவருக்கும் இந்த மரபணுவால் மிகுதியான வாய்ப்பு ஏதும் இல்லை. ஆனால் அவர்களுக்குப் பிறக்கும் பிள்ளைகள் ஒவ்வொருவரும் 112, 121 இரண்டையும் தவறாமல் பெறுகிறார்கள். "எங்கள் வம்சத்தில் கிடையாது" என்ற வாதம் இங்கே நில்லாது போகிறது. இனி எதிர்ப்பக்கம் பார்ப்போம். தந்தையிடம் 112, 121 இரண்டும் உள்ளன. தாயிடம் இரண்டும் இல்லை. தந்தை தம்மிடமுள்ள இரண்டில் ஒன்றையே பிள்ளைக்குக் கொடுக்க முடியும். ஆகவே அந்தச் சேர்க்கை எந்தப் பிள்ளைக்கும் போய்ச் சேராது. "அப்பாவுக்கு இருந்தது, எனக்கும் வந்தே தீரும்" என்ற வாதமும் இங்கே நிற்கவில்லை. பரம்பரையில் கைமாறுவன தனித்தனி எழுத்துகளே. அவற்றின் சேர்க்கை ஒவ்வொரு தலைமுறையிலும் கலைந்து புதிதாக அமைகிறது.

ஸ்டார் கவுண்டியில் கண்டது நம்மவர்க்கும் பொருந்துமா என்ற வினா இயல்பாக எழும். லண்டன், சென்னை ஆராய்ச்சியாளர்கள் கூடித் தென்னிந்திய மக்களிடையே கால்பெயின்-10 மரபணுவை ஆராய்ந்து 2002இல் முடிவுகளை வெளியிட்டனர். இங்கும் சில சேர்க்கைகள் நீரிழிவோடு மட்டுமன்றி, முன்னர்க் கூறிய தாங்குதிறன் குறைவோடும் தொடர்புடையனவாகக் காணப்பட்டன. ஆனால் அச்சேர்க்கைகளைத் தாங்கியோர் நம் மக்களிடையே சிலரே; ஆகையால் சமுதாயம் முழுமைக்கும் எடுத்துக்கொண்டால் இம்மரபணுவின் பங்கு சிறிது என்ற முடிவும் உடன் வந்தது. 2007 முதல் பல நாடுகளில் நடைபெற்ற பெரிய ஆய்வுகளிலும் கால்பெயின்-10 முன்வரிசையில் இடம்பெறவில்லை. முதன்முதலில் பெரும் எதிர்பார்ப்பை எழுப்பிய மரபணு பின்னர் பலவற்றுள் ஒன்றாக அடங்கிப் போயிற்று. ஆயினும் சேர்க்கையை நோக்கவேண்டும் என்று அது கற்பித்த பாடம் அடங்கிவிடவில்லை.

சேர்க்கை மாறினால் ஒரே மரபணுவின் பயனும் மாறக்கூடும் என்று கருதுவதற்கு இன்னொரு சான்று சென்னையிலிருந்தே கிடைத்தது. பி.பி.ஏ.ஆர். காமா என்ற மரபணுவில் உள்ள ஒரு மாற்றம் ஐரோப்பிய வழியினருக்கு நீரிழிவிலிருந்து ஓரளவு காப்பளிக்கிறது. அதே மாற்றம் தெற்காசியருக்கும் காப்பளிக்கிறதா என்று சென்னையிலும், அமெரிக்காவின் டல்லாஸ் நகரிலும் ஆராய்ந்தனர். 2006இல் வெளிவந்த முடிவு, நம்மவரிடையே அக்காப்பு இல்லை என்பதே. கடல் கடந்து டல்லாஸில் வாழும் தெற்காசியருக்கும் அது கிட்டவில்லை. ஒரு மக்களுக்குக் கவசமாயிருப்பது மற்றொரு மக்களுக்குக் கவசமாகவில்லை. இதற்கு மாறாக, ஐஸ்லாந்து ஆராய்ச்சியாளர்கள் 2006இல் கண்டறிந்த டி.சி.எஃப்.7.எல்.2 என்ற மரபணு மாற்றம் எங்கு தேடினாலும் நோயோடு சேர்ந்தே காணப்படுகிறது. 2007இல் புனேயிலும் சென்னையிலும் அது உறுதி செய்யப்பட்டது. இன்சுலின் சுரப்பைக் குறைக்கும் இயல்புடையது இது.

இத்தகைய இடங்கள் மொத்தம் எத்தனை? 2024இல் வெளியான ஆய்வொன்று உலகெங்கிலுமிருந்து 25 இலட்சத்துக்கும் மேற்பட்டோரின் விவரங்களைத் திரட்டி, நீரிழிவோடு தொடர்புள்ள 611 இடங்களைக் காட்டுகிறது. இவற்றை இரண்டிரண்டாக இணைத்தால் மட்டும் 1,86,355 ஜோடிகள் ஆகின்றன. மும்மூன்றாக இணைப்பதைச் சொல்லவேண்டியதில்லை. ஒவ்வொரு ஜோடியும் நோயை எவ்வாறு மிகுவிக்கிறது அல்லது தணிக்கிறது என்று தீர்த்துச் சொல்வதற்கு இப்போதுள்ள கணக்குகள் போதமாட்டா. உமிழ்நீரை அனுப்பினால் எதிர்காலத்தைச் சொல்லிவிடுவோம் என்ற விளம்பரங்கள் இப்போது கைபேசி வழியாகக் கிராமங்களுக்கும் வருகின்றன. அவற்றுக்குச் செலவிடும் பணத்தைக் காய்கறிக்கும் பயறுக்கும் செலவிடுவது மேல் என்பது நமது கருத்து. சாதாரண இரத்தச் சோதனை உடலின் இன்றைய நிலையையே காட்டிவிடுகிறது.

மரபணுக்களுக்கு இடையே உள்ள இந்தக் கூட்டுறவைப் போலவே, மரபணுவுக்கும் வாழ்க்கை முறைக்கும் இடையே ஒரு கூட்டுறவு உண்டு. சாதாரணக் குடும்பத்துக்குப் பயன்படும் செய்தி இதில்தான் அடங்கியிருக்கிறது. அமெரிக்காவில் தாங்குதிறன் குறைந்திருந்த 3,234 பேரைக் கொண்டு நடத்தப்பட்ட நீரிழிவுத் தடுப்பு ஆய்வின் முடிவு 2002இல் வெளிவந்தது. வாரத்துக்கு 150 நிமிடம் உடலுழைப்பும், உடல் எடையில் 7 சதவீதக் குறைப்பும் குறிக்கோளாகக் கொண்டவர்களிடையே நீரிழிவு 58 சதவீதம் குறைந்தது. பின்னர் 2006இல், டி.சி.எஃப்.7.எல்.2 மாற்றத்தைத் தாய், தந்தை இரு வழியிலும் பெற்றவர்களை அந்த ஆய்வில் தனியே பிரித்துப் பார்த்தனர். பழைய வழக்கத்திலேயே இருந்த குழுவில், மாற்றமில்லாதவரைக் காட்டிலும் இவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய 80 சதவீதம் மிகுதியாக இருந்தது. உணவையும் உழைப்பையும் திருத்திக்கொண்ட குழுவிலோ இந்த வேறுபாடு கணக்கில் கொள்ளத்தக்க அளவுக்கு இல்லை. எழுத்து அப்படியே இருந்தது. அதன் வலிமை குன்றியது.

நம் நாட்டிலும் இவ்வாறு ஓர் ஆய்வு சென்னையில் டாக்டர் அ. ராமச்சந்திரன் தலைமையில் நடைபெற்று 2006இல் வெளியாயிற்று. அதில் கலந்துகொண்டோர் தாங்குதிறன் குறைந்திருந்த 531 பேர். தனிப்பட்ட அறிவுரையும் கண்காணிப்பும் பெறாதவர்களுள் 3 ஆண்டுகளுக்குள் 55 சதவீதத்தினர் நீரிழிவு நோயாளிகளாயினர். உணவிலும் நடைப்பயிற்சியிலும் அறிவுரை பெற்றுக் கடைப்பிடித்தோருள் அது 39.3 சதவீதமே. இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் படிக்கவேண்டும். இடைநிலையிலிருந்து நோய்க்கு நம்மவர் விரைவாகச் சென்றுவிடுகிறார்கள் என்பதை முதல் எண் அறிவிக்கிறது. 3 ஆண்டு கழித்துப் பார்க்கலாம் என்று ஒத்திவைப்பவருக்கு இது கடுமையான எச்சரிக்கை. இரண்டாவது எண், எல்லோரும் தப்பிவிடுவார்கள் என்று சொல்லவில்லை. நூற்றுக்குப் பதினைந்து பேருக்கு மேல் அக்கெடுவுக்குள் நோயாளியாகாமல் தப்பினர் என்கிறது. ஓர் ஊராட்சியில் இப்படி நூறு பேர் இருந்தால் அந்தப் பதினைந்து குடும்பங்களின் மருந்துச் செலவையும், கால் புண்ணையும், கண் பார்வைக் குறைவையும் எண்ணிப் பார்க்கலாம்.

2011இல் வெளியிடப்பட்ட ஆய்வின்படி தமிழ்நாட்டு நகரங்களில் வயது வந்தோருள் 13.7 சதவீதத்தினருக்கும், கிராமங்களில் 7.8 சதவீதத்தினருக்கும் நீரிழிவு இருந்தது. நகரத்தாரும் கிராமத்தாரும் அண்ணன் தம்பிகளே, மரபணுக்கள் வேறல்ல. உழைப்பிலும் உணவிலும் உள்ள வேறுபாடே இந்த இடைவெளிக்குப் பெரும் காரணம். அந்த இடைவெளி நிலையானது என்று கருதுவதற்கில்லை. நடவுக்கும் அறுவடைக்கும் இயந்திரம் வந்துவிட்டது. அது நல்லதே, முதுகு ஒடிய நாற்று நட்ட பெண்களைக் கண்டவர் எவரும் இயந்திரத்தைக் குறை கூறமாட்டார். ஆனால் உழைப்பு பாதியாகக் குறைந்த வீட்டில் சோற்றின் அளவு குறையவில்லை; இரண்டு தெரு தள்ளியுள்ள கடைக்கும் மோட்டார் சைக்கிளில் போகிறோம். உழைத்த காலத்தில் மந்தமாகக் கிடந்த சேர்க்கைகள் இப்போது தம் வேலையைக் காட்டத் தொடங்குகின்றன.

சம்பந்தம் பேசும் வீடுகளைப் பற்றியும் ஒரு சொல். 611 இடங்களில் ஒன்றிலேனும் மாற்றமில்லாத குடும்பம் எங்குத் தேடினும் கிடைக்காது. பெண்ணின் தகப்பனாருக்குச் சர்க்கரை என்பதற்காக ஒதுக்கிவிட்டு, இல்லை என்று சொன்ன வீட்டில் சம்பந்தம் செய்தால், இல்லையென்பதன் பொருள் சோதிக்கவில்லை என்பதாகவும் இருக்கலாம். மறைத்துச் செய்யும் திருமணத்தில் மற்றொரு தீங்கும் உண்டு. தன் தாய்க்கு நீரிழிவு உண்டு என்பதைப் புகுந்த வீட்டில் சொல்ல அஞ்சும் பெண், கர்ப்பகாலத்தில் செவிலியரிடமும் சொல்வதில்லை. கர்ப்பகாலத்தில் சர்க்கரை மிகுந்திருந்தவர்களுக்குப் பிற்காலத்தில் நீரிழிவு வரும் வாய்ப்பு மிகுதி. ஆதலால் பிரசவமான 6 வாரம் முதல் 12 வாரத்துக்குள் மறுபடி சோதித்துக்கொள்ள வேண்டும். குழந்தைக்குத் தடுப்பூசி போட ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்லும் தாய்மார்கள் அன்றே இதையும் கேட்டுச் செய்துகொள்ளலாம்.

30 வயது நிரம்பியவர்கள் வம்சத்தில் உண்டா இல்லையா என்று பாராமல் சோதித்துக்கொள்வது தகும். பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ இருந்தால் அதற்கு முன்பே செய்துகொள்ளலாம். ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டரையும், பெண்களுக்கு 80 சென்டிமீட்டரையும் தாண்டியிருந்தால் அதுவும் சோதனைக்குரிய காரணமே. தையற்காரரின் நாடா போதும் இதற்கு.

முகாம் நடத்தும் ஊராட்சித் தலைவர்களுக்கும் செயலர்களுக்கும் ஒரு நடைமுறைக் குறிப்பு. குளுக்கோஸ் குடித்த பின் 2 மணி நேரம் அங்கேயே அமர்ந்திருக்க வேண்டும்; இடையில் தேநீரோ பலகாரமோ கூடாது. 10 மணிக்கு முகாம் தொடங்கினால் வெறும் வயிற்றோடு வந்த கூலித் தொழிலாளர் நண்பகல் வரை பசியோடு காத்திருப்பார்; அன்றைய கூலியும் போய்விடும். ஆகையால் மருத்துவ அலுவலரோடு முன்கூட்டியே பேசி, காலை 6 மணிக்குக் குளுக்கோஸ் கொடுத்து 8 மணிக்கு இரத்தம் எடுக்கும்படி ஏற்பாடு செய்யவேண்டும். நிழலும் அமர இடமும் கழிப்பறையும் உள்ள பள்ளிக் கட்டடம் விடுமுறை நாளில் இதற்கு மிகப் பொருத்தம்.